லூகோவின் மதில்மேல் தனியாக நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தில் லூகோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் தனியாகப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தேன். அந்த ஊரைச் சுற்றி ரோமானியர்கள் கட்டிய மதில் இன்றும் ஒரு சுற்று முழுக்க நிற்கிறது. அதன் மேல் நடக்கலாம். திரும்பி வந்ததிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் அந்த நடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் மறுபடி மறுபடி கேட்டதைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

மாட்ரிட், பார்சிலோனா எல்லாம் இருக்க, எதற்கு லூகோ?

நடப்பதற்கு. வேறு காரணம் தேடவில்லை.

பெரிய ஊர்களில் தனியாக நடக்கும்போது எனக்குப் பாதி நேரம் கைபேசி வரைபடத்திலேயே போய்விடும். இந்தத் தெருவா, அடுத்த தெருவா என்று நின்று நின்று பார்த்தால் ஊர் எங்கே கண்ணில் படும்? லூகோவில் அந்தத் தொல்லை கிடையாது. மதில் ஒரு வளையம். எங்கே ஏறினாலும் நடந்துகொண்டே இருந்தால் ஏறிய இடத்துக்கே வந்து சேருவோம். முதல் நாள் ஏறியவுடன் கைபேசியைப் பைக்குள் போட்டேன். படம் எடுக்கத்தான் வெளியே எடுத்தேன்.

ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவான மக்கள் வாழும் ஊர் இது. ஆ கொருன்யா நகரமும் யாத்திரைத் தலமான சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவும் ஆளுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் சந்தியாகோவோடு நின்றுவிடுகிறது.

மதில் எவ்வளவு பெரியது? யார் கட்டியது?

சுற்றளவு 2,117 மீட்டர். உயரம் இடத்துக்கு இடம் 8 முதல் 12 மீட்டர் வரை. அகலம்தான் ஆச்சரியம்: நான்கு மீட்டரில் தொடங்கி சில இடங்களில் ஏழு மீட்டர் வரை போகிறது. பேர்தான் மதில், மேலே ஏறினால் அது ஒரு தெரு.

ஊர் மதிலைவிடப் பழையது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், ஐபீரிய வடக்கை ரோம் அடக்கி முடித்த கையோடு, 'லூக்கஸ் அகஸ்தி' என்ற பெயரில் உருவான ஊர். லத்தீனில் 'லூக்கஸ்' என்றால் கோயில் காடு, புனிதத் தோப்பு. மதில் வந்தது அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எல்லைகளில் பகைவர் தாக்குதல் பெருகி, ரோமின் பிடி தளர்ந்துகொண்டிருந்த காலம். அவசரமாகக் காப்பு தேவைப்பட்டது. பழைய ஊரின் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டு, வழியில் இருந்த வீடுகளை இடித்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

இடிபட்ட வீடு ஒன்றை இன்றைக்கும் பார்க்கலாம். பேராலயத்துக்கு எதிரே, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கட்டடத்துக்கு அடியில் அது கிடைத்தது. வசதியான வீடு, பக்கத்திலேயே மித்ரா என்ற தெய்வத்துக்கு ஒரு வழிபாட்டுக் கூடம். ஏழாம் படைப்பிரிவைச் சேர்ந்த விக்டோரியஸ் விக்டோரினஸ் என்ற நூற்றுவர் தலைவர் நட்ட பலிபீடக் கல், எழுத்துகளோடு அங்கே நிற்கிறது. மதிலில் நடக்கும் முன்போ பின்போ அதைக் கட்டாயம் பாருங்கள். ஊரைக் காக்கும் மதிலுக்காகத் தன் வீட்டை இழந்தவர்கள் இருந்தார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மேலே போக டிக்கெட் உண்டா? எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

டிக்கெட் இல்லை. மூடுவதும் இல்லை. இரவு பன்னிரண்டுக்கும் ஏறலாம்.

ஒரு சுற்று நடக்க எவ்வளவு நேரம்?

சும்மா நடந்தால் அரை மணி. நின்று பார்த்து நடந்தால் ஒரு மணி. ஆனால் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கி அடுத்த ஊருக்குப் பஸ் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்பதில்லை. குறைந்தது மூன்று முறை நடங்கள். காலையில், சாயங்காலத்தில், இரவில்.

காலை நடை ஊர்க்காரர்களுடையது. ஏழரை மணிக்கு நான் ஏறியபோது வெயில் இன்னும் கூரைகளைத் தொடவில்லை. ஓடுகிறவர்கள், நாயோடு வருகிறவர்கள், முதுகுக்குப் பின்னால் கை கட்டி நடக்கும் தாத்தாக்கள். நம் ஊர்ப் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களைப் போலவே சிலர் வலஞ்சுற்று, சிலர் இடஞ்சுற்று. எதிரெதிராக வருவதால் ஒரு சுற்றில் ஒருவரை இரண்டு முறை பார்ப்போம். முதல் முறை தலையசைப்பு. இரண்டாம் முறை 'போஸ் தியாஸ்'. மூன்றாம் நாள் நீல மேலங்கி போட்ட ஒரு பாட்டி என்னைக் கண்டதும் தானே கையைத் தூக்கினார். பேர் தெரியாது, பேசியதும் இல்லை. அந்த நாள் முழுக்க அந்தக் கை என் கூடவே இருந்தது.

சாயங்காலம் ஊரைப் பார்ப்பதற்கு. உட்பக்கம் பலகைக்கல் வேய்ந்த கூரைகள், வெள்ளைச் சட்டம் போட்ட கண்ணாடி மாடங்கள், கொடியில் காயும் துணி. யாரும் குடியிருக்காமல் கூரை சரிந்த வீடுகளும் உண்டு. மதிலையொட்டிச் சின்னச் சின்னக் காய்கறித் தோட்டங்களும் உண்டு. வெளிப்பக்கம் புதிய நகரம், கார்கள், அடுக்குமாடிகள். இரண்டுக்கும் நடுவில் நாம். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தேகால் ஆகிறது, அதனால் ஒன்பது மணி என்பது சாயங்காலம்தான். அந்தச் சாய்வெயிலில் மதிலின் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பலகைக்கல், தட்டுத் தட்டாக ஒன்றன்மேல் ஒன்று. சில தட்டுகள் என் விரல் கனம்கூட இல்லை. இடுக்குகளில் பெரணி முளைத்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் போல வட்ட வட்டமாக இலை விடும் செடி ஒன்றும் இருக்கிறது. வெயில் பட்ட பக்கத்தில் கை வைத்தால் சுடவைத்த தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போன்ற சூடு.

இரவு நடை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். விளக்கு போட்டிருக்கிறார்கள். கீழே தெருவில் கரண்டிச் சத்தம், சிரிப்பு. போய் நடந்து பாருங்கள்.

எந்த வாசலிலிருந்து தொடங்குவது நல்லது?

மொத்தம் பத்து வாசல்கள். ஐந்து பழையவை; மற்ற ஐந்தும் 1853-க்குப் பிறகு ஊர் வளர வளர வெட்டியவை. ரயில் வந்த பிறகு நிலையத்துக்குப் போக ஒன்று, சிறைச்சாலைப் பக்கம் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவை இருந்திருக்கிறது.

நான் தொடங்கியது சந்தியாகோ வாசலில். அங்கே படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை இருப்பதால் முட்டிவலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் ஏறலாம். ஏறியவுடன் பேராலயத்தின் கோபுரங்கள் முகத்துக்கு நேரே நிற்கும். அங்கிருந்து சற்று நடந்தால் மின்யா வாசல். ரோமானிய வடிவம் குலையாமல் இருக்கும் வாசல் அதுதான். அதற்குக் கட்டாயம் கீழே இறங்குங்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே குனிந்த மாதிரி ஒரு வளைவு. அதைத் தாண்டித் தெரு நேரே மின்யோ ஆற்றை நோக்கிச் சரிகிறது. மற்ற வாசல்கள் கம்பீரமாக இருக்கின்றன. இது மட்டும் வீட்டுக் கொல்லை வாசல் போல இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

கோபுரங்களை எண்ணாதீர்கள். கட்டியது 85, சில அடியோடு போய்விட்டன, சில பாதியாக நிற்கின்றன. 'ஆ மோஸ்கேய்ரா' என்பதில் மட்டும் மேல்மாடத்துச் சன்னல் வளைவுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அதன் முன்னால் நின்றால், எல்லாக் கோபுரங்களும் ஒரு காலத்தில் மாடியோடு இருந்தன என்பது புரியும்.

இவ்வளவு பழைய மதில் எப்படி முழுசாக மிஞ்சியது?

ஊர் அதைப் புழங்கிக்கொண்டே இருந்ததால் என்றுதான் நினைக்கிறேன். புழங்கியது என்றால் கொஞ்சநஞ்சமல்ல. வெளிப்பக்கச் சுவரோடு ஒட்டி வீடும் கடையும் கட்டி, பல இடங்களில் மதிலே தெரியாதபடி மூடியிருந்தார்கள். 1921-லேயே தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்தாகிவிட்டது. அப்படியும் ஒட்டுக் கட்டடங்கள் போகவில்லை. 1970-களில்தான் அவற்றை விலைக்கு வாங்கி இடித்து மதிலை வெளியே கொண்டுவரும் வேலை தொடங்கியது. 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. மேற்கு ஐரோப்பாவில் பிற்கால ரோமானியக் கோட்டைக் கட்டுமானத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

பெண் தனியாகப் போகலாமா?

நான் போனேன். இரவு பதினொன்றரைக்கும் மதில்மேல் நடந்தேன். அந்த நேரத்தில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் எதிரே வந்தது. பயம் எனக்கு ஒரு தடவையும் வரவில்லை.

ஆனாலும் எந்த ஊரிலும் செய்வதைச் செய்யுங்கள்: பாஸ்போர்ட் நகலைத் தனியாக வையுங்கள், தங்குமிடத்து முகவரியை எழுதிப் பையில் வையுங்கள், அவசர எண் 112 என்பதை நினைவில் வையுங்கள். நள்ளிரவு தாண்டினால் மதிலில் ஆள் குறைந்துவிடும். அப்போது கீழே வெளிச்சமுள்ள தெருவில் நடப்பதே மேல். இன்னொன்று. மதிலின் ஓரச்சுவர் பல இடங்களில் தாழ்வு. படம் எடுக்கும் ஆசையில் பின்னால் நகராதீர்கள்.

தனியாகச் சாப்பிடப் போனால் சங்கடமாக இருக்காதா?

எனக்கு எப்போதுமே அதுதான் பெரிய தயக்கம். நான்கு பேர் மேசையில் ஒற்றையாக உட்கார்ந்து பட்டியலைப் புரட்டுவது கொடுமை. லூகோவில் அந்தத் தயக்கம் முதல் இரவே போய்விட்டது.

பேராலயத்துக்குப் பக்கத்தில் 'ருவா நோவா' என்று ஒரு குறுகலான தெரு. வரிசையாகச் சின்னச் சின்ன மதுக்கடைகள். உள்ளே போய் நின்றபடியே குடிக்க ஏதாவது கேட்டால் போதும், சாப்பிட ஒரு சிறு தட்டு இலவசமாக வரும். தாப்பாஸ் என்பது அதுதான். ஸ்பெயினில் பல ஊர்களில் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்; லூகோவில் கேட்காமலே வருகிறது. பல கடைகளில் இரண்டு வரும். முதலில் பணியாள் ஒரு தாம்பாளத்தை நீட்டுவார், அதில் ஒன்றை நாமே எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அடுக்களையில் என்னென்ன சூடாக இருக்கிறது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எனக்கு முதல் நாள் ஒரு சொல்கூடப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா தன் தட்டைச் சுட்டிக் காட்டினார், நானும் அதையே கேட்டேன். இப்படி மூன்று கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுவதால் தனியாக வந்தவர் யார், கூட்டமாக வந்தவர் யார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

மது பழக்கம் இல்லாதவர்கள் 'மோஸ்தோ' என்று கேளுங்கள். திராட்சைச் சாறு. அதற்கும் தட்டு வரும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை. உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை 'தொர்த்தீயா' எங்கும் உண்டு. தடித்த மேலோடு கொண்ட கலீசிய ரொட்டியும், புகை போட்ட சான் சிமோன் பாலாடைக்கட்டியும் சேர்ந்தால் எனக்கு ஒரு வேளை ஓடிவிடும். கோடையில் பாத்ரோன் மிளகாய் கேளுங்கள். சுண்டுவிரல் நீளப் பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல் உப்புத் தூவித் தருவார்கள். சில காரும், சில காராது என்று அவர்களே பழமொழி போலச் சொல்வார்கள். எனக்கு ஒரு தட்டில் இரண்டு மட்டும் சுள்ளென்று இருந்தன. நம் நாக்குக்கு அது ஒன்றும் செய்யாது.

கவனிக்க வேண்டியது: கீரையும் கிழங்கும் போட்ட 'கால்தோ' சூப்பில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'சின் கார்னே', இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும், உப்பிட்டுக் காயவைத்த பன்றித்தொடையான ஹமோனைச் சிலர் இறைச்சிக் கணக்கில் வைப்பதில்லை. ஆகவே 'சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்று அதையும் மீனையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன்னால் கிடைப்பது கடினம். இரவு ஒன்பதுக்குத்தான் சூடு பிடிக்கும். நான் போய்ச் சேர்ந்தது ஞாயிறு மதியம். மளிகைக்கடை எல்லாம் மூடியிருந்தது. தங்குமிடத்திலும் ஆள் இல்லாமல் ஐந்து மணி வரை பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கையில் பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேராலயத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

1129-இல் கட்டத் தொடங்கிய கோயில். இரவும் பகலும் நற்கருணையை, அதாவது இயேசுவின் உடலாகக் கருதும் அப்பத்தை, திறந்து வைத்து வழிபடும் மரபு இங்கே உண்டு. கலீசியாவின் அரசுச் சின்னத்தில் இருக்கும் கிண்ணமும் அப்பமும் அதே பக்தியைச் சொல்பவை.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது பின்பக்கத்துச் சிற்றாலயத்தில். அங்கே இருக்கும் மரியாளுக்கு 'பெருங்கண் அன்னை' என்று பெயர். ஊரின் காவல் அன்னை அவர்தான். கல்லில் செதுக்கி வண்ணம் தீட்டிய சிலை, பெயருக்கு ஏற்ற அகன்ற கண்கள். சுற்றிலும் தங்கமும் தூண்களும் தேவதைகளும் நெருக்கியடிக்கும் பரோக் அலங்காரம். சந்தியாகோ பேராலயத்தின் புகழ்பெற்ற முகப்பை அமைத்த பெர்னாந்தோ தெ காசஸ் நோவோவா 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அத்தனை ஆடம்பரத்துக்கு நடுவிலும் பார்வை அந்தக் கண்களிடமே போய் நிற்கிறது. காய்கறிப் பையோடு உள்ளே வந்த ஒரு பெண், பையைக் கீழே வைக்காமலே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மதிலை விட்டு வெளியே போக வேண்டுமா?

ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். மின்யா வாசல் வழியாக இறங்கினால் ஆற்றங்கரை. ரோமானியர் காலத்தில் தோன்றிப் பின்னால் பலமுறை செப்பனிட்ட பாலத்தில் இப்போது வண்டிகள் போவதில்லை, நடந்துதான் போக வேண்டும். கரையில் வெந்நீர் ஊற்று. ரோமானியக் குளியலறைகளின் மிச்சம் இன்றைய குளியல் விடுதிக்குள்ளேயே இருக்கிறது. திரும்பி வருவது முழுக்க ஏற்றம். மெதுவாக ஏறுங்கள்.

முதுகில் பையும் அதில் சிப்பியும் தொங்கவிட்டவர்களை ஊருக்குள் பார்த்தால் அவர்கள் சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள். ஓவியெதோவிலிருந்து வரும் மிகப் பழைய யாத்திரைப் பாதை இந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. சான் பெத்ரோ வாசலில் நுழைந்து சந்தியாகோ வாசலில் வெளியேறுவார்கள். இங்கிருந்து இன்னும் நூறு கிலோமீட்டர். யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் பெற அந்தத் தூரம் நடந்தால் போதும் என்பதால் லூகோவிலிருந்தே தொடங்குகிறவர்களும் நிறைய.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஸ்பானிஷ், கலீசியம் இரண்டும் அங்கே ஆட்சிமொழிகள். தெருப் பலகைகள் கலீசியத்தில் இருக்கும். ருவா என்றால் தெரு, பிராசா என்றால் சதுக்கம், போர்த்தா என்றால் வாசல். நன்றிக்கு 'கிராசியாஸ்' போதும். 'கிராசஸ்' என்று கலீசியத்தில் சொன்னால் முகம் மலர்கிறது.

மழை பெய்யுமா?

பெய்யும். கோடையிலும் பெய்யும். நனைப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி விழும் மெல்லிய தூறலுக்கு அவர்களிடம் 'ஒர்பாயோ' என்று தனிச்சொல்லே இருக்கிறது. மழைச்சட்டை எடுத்துப் போங்கள். ஈரத்தில் படிக்கல் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ வேண்டும்.

எப்படிப் போய்ச் சேருவது?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. மாட்ரிட்டிலிருந்து ஓரென்ஸே வரை அதிவேக ரயில். அங்கே மாறி லூகோ. மாட்ரிட்டிலிருந்து நேரடிப் பஸ்ஸும் உண்டு, ஆனால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உட்கார வேண்டும். சந்தியாகோவுக்கோ ஆ கொருன்யாவுக்கோ விமானத்தில் வந்து அங்கிருந்து பஸ் பிடிப்பது எளிது. லூகோவுக்குள் வண்டியே வேண்டாம். நிலையத்திலிருந்து மதில் வரை நடந்தே வந்துவிட்டேன்.

மறுபடி போவீர்களா? எப்போது?

அக்டோபரில். அந்த மாதம் 4 முதல் 12 வரை சான் ஃப்ரொய்லான் திருவிழா. ஃப்ரொய்லான் லூகோவில் பிறந்து லெயோனில் ஆயராக இருந்தவர். பயணம் போகும் வழியில் அவருடைய கழுதையை ஓநாய் கொன்று தின்றுவிட்டதாம்; அவர் அதைத் தண்டிக்காமல், கழுதை சுமந்த புத்தக மூட்டையை ஓநாயின் முதுகிலேயே ஏற்றிக் கூட்டிப் போனாராம். சிலைகளில் அவர் பக்கத்தில் ஓநாய் நிற்கும்.

விழாவின் சாப்பாடு ஆக்டோபஸ். கடலே இல்லாத ஊருக்கு இது எப்படி வந்தது என்றால், அந்தக் காலத்தில் காயவைத்த ஆக்டோபஸைக் கோவேறு கழுதைக்காரர்கள் உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஜூனில் ஒரு கடையில் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரிய செப்புக் கொப்பரையிலிருந்து கொக்கியால் தூக்கி, ஆவி பறக்கப் பறக்கக் கத்தரிக்கோலால் காசு காசாக நறுக்கி நேரே மரத்தட்டில் விழ விடுகிறார் ஒரு பெண். மேலே கல் உப்பு, சிவப்பு மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெய். பல்குச்சியால் குத்திச் சாப்பிட வேண்டும். திருவிழாவில் கூடாரம் போட்டு நீள மேசையில் எல்லோரையும் நெருக்கி உட்காரவைத்து இதைப் பரிமாறுவார்களாம். அக்டோபரில் வரப்போவதாக அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கத்தரியை நிறுத்தாமலே, அப்படியானால் பசியோடு வா என்றார்.